கருப்பை வாய்ப் புற்றுநோயும் பாப்பிலோமா நச்சுயிரியும்

பாடியில் லூகாஸ் பேருந்து நிறுத்தத்தில் காலை ஏழு மணிக்கு நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் செல்லும் வண்டிகளுக்குக் காத்து நிற்பர். அவர்களுள் ஒருவராகப் பல்லாண்டுகள் அங்கு நின்றவர், எங்கள் தெருவில் வாழ்ந்த அக்கா ஒருவர். ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை. மாதவிலக்கு முற்றும் நின்றுபோன பின்னும் அவருக்கு இடையிடையே உதிரம் பட்டது. 'இந்த வயதில் அப்படித்தான்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வெளியே சொல்லக் கூச்சம். விடுப்பெடுத்தால் கூலி போகும். எட்டு மாதங்களுக்குப் பின் ஒரு சிறு மருத்துவகத்திற்குச் சென்றபோது அவரைப் பரிசோதிக்காமலே இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உரிய இடத்தை அடைந்தபோது நோய் கருப்பையின் வாயைக் கடந்து இடுப்புச் சுவரைத் தொட்டிருந்தது. அடுத்த ரமலானை அவர் காணவில்லை.

அக்காவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சை உறுத்துவது அவர் இறந்தார் என்பது மட்டுமன்று. புற்றுநோய்கள் அனைத்திலும், காரணம் ஐயமறத் தெரிந்த, வருமுன் காக்க வழியும் தெரிந்த ஒன்றினால் இறந்தார் என்பதே. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பெண்களை இந்நோய் பற்றுகிறது. 2022ஆம் ஆண்டிற்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் மட்டும் புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 1,27,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். இத்தனை பேரும் அறியாமையால் இறந்தனர் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவ அறிவியல் அறிந்துவைத்திருக்கும் செய்தி அவர்களை உரிய வேளையில் சென்றடையவில்லை என்பதே உண்மை. அச்செய்தி யாது என்பதை மருத்துவம் பயிலாத நம் மாணவ மாணவியர்க்கும் அவர்தம் அன்னையர்க்கும் விளங்கும் வண்ணம் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, யோனிக் குழாயினுள் திறக்கும் இடத்தைக் கருப்பை வாய் என்பர். அதன் வெளிப்புறத்தைத் தட்டையான செதிள் உயிரணுக்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன; உட்புறத்தைச் சுரப்பி உயிரணுக்கள் ஒற்றை வரிசையாக மூடியிருக்கின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் எல்லையில், பருவ வயது தொடங்கி ஒருவகை உயிரணு மற்றொரு வகையாக ஓயாது மாறிக்கொண்டேயிருக்கும். மாறும் இடம் என்பதனாலேயே அது மெலிந்த இடமுமாகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முளைவிடுவது அந்த எல்லைக் கோட்டில்தான்.

அங்கு வந்து குடியேறுவது பாப்பிலோமா என்னும் நச்சுயிரி. வைரஸ் என்று நாம் பொதுவாக வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக எச்.பி.வி. என்பர். ஒரு மில்லிமீட்டரைப் பதினெட்டாயிரம் கூறுகளாகப் பகுத்தால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே இதன் குறுக்களவு. இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கைகால்களில் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடும். ஏறத்தாழப் பதினான்கு வகைகள் மட்டுமே புற்றுநோய்க்கு வழிவகுப்பவை. அவற்றுள்ளும் 16ஆம் வகையும் 18ஆம் வகையும் கொடியவை. உலகெங்கும் காணப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபது இவ்விரண்டின் செயலே.

இந்நச்சுயிரி எவ்வாறு பரவுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. உடலுறவின்போது தோலோடு தோல் உராய்வதால் பரவுகிறது. இதனைக் கேட்டவுடன் பலரது மனம் ஒழுக்கத்தைப் பற்றிய ஐயத்திற்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவல் முற்றிலும் பிழையானது. மணவாழ்வில் ஈடுபட்ட ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நச்சுயிரி தொட்டுச் செல்கிறது. கணவர் ஒருவரையன்றி வேறு எவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓசையின்றிக் கிடந்த பிறகே வெளிப்படலாம் என்பதால் எப்போது, எவரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. நோயுற்ற பெண்ணின்மீது பழிச்சொல் வீசுவோர் அறிவியலையும் அறியார், அறத்தையும் அறியார்.

நச்சுயிரி தொற்றிய அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை என்பது இறைவன் அளித்த பெரும் ஆறுதல். பத்துப் பேருக்குத் தொற்றினால் ஒன்பது பேரின் உடல் இரண்டாண்டுகளுக்குள் அதனைத் தானே விரட்டிவிடுகிறது. அவர்கள் அதனை உணர்வதுகூட இல்லை. எஞ்சிய சிலரிடத்தில் அது நிலைத்துவிடுகிறது. அங்ஙனம் நிலைத்ததே ஆபத்து.

அங்கு நிகழ்வதைப் பாடிக்காரன் ஒருவன் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மோட்டார் வண்டிகளுக்கான பிரேக் செய்யும் ஆலை உண்டு. பிரேக் இல்லாத வண்டியையும் தரச் சோதகர் இல்லாத ஆலையையும் எண்ணிப் பாருங்கள். நம் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் இவ்விரண்டும் உள்ளன. பி53 என்னும் புரதம் தரச் சோதகர். உயிரணுவின் மரபுச் செய்தியில் பழுது கண்டால் வேலையை நிறுத்தும், திருத்த முடியாதெனில் அவ்வுயிரணுவையே அழியச் செய்யும். ஆர்பி என்னும் புரதம் பிரேக்; தேவையின்றி உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும். பாப்பிலோமா நச்சுயிரி ஈ6, ஈ7 என்னும் இரு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ6 சோதகரை ஒழித்துக்கட்டுகிறது. ஈ7 பிரேக்கைப் பிடுங்கிவிடுகிறது. பின்னர் உயிரணுக்கள் பழுதுகளைச் சுமந்தபடியே பெருகுகின்றன. எனினும் இப்பெருக்கம் ஒரே நாளில் புற்றாகிவிடுவதில்லை. முதலில் மேற்பரப்பில் சிறு மாறுதல், பிறகு கடிய மாறுதல், அதன் பின்னரே அடித்தளத்தை உடைத்துக்கொண்டு உட்புகும் புற்று. இதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. எச்.ஐ.வி. தொற்றினால் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடத்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளே போதும். அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பும் மற்றவரைவிட ஆறு மடங்கு. புகைப்பழக்கமும் நச்சுயிரிக்குத் துணைபோகிறது.

இப்புற்றுக்கும் மணவாழ்வுக்கும் தொடர்புண்டு என்ற ஐயம் பழமையானது. இத்தாலியின் வெரோனா நகர இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், கருப்பைப் புற்று மணமான பெண்களிடையே மிகுதியாகவும் கன்னிமாடத் துறவியரிடையே அரிதாகவும் இருப்பதை 1842இல் எடுத்துக்காட்டினார். எது பரவுகிறது என்பது அதன்பின் நூற்றாண்டுக்கு மேலாகியும் புலப்படவில்லை. 1970களில் அறிஞர்கள் பலரும் ஹெர்பிஸ் நச்சுயிரியைச் சந்தேகித்தனர். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெரால்டு சூர் ஹாசன் ஒருவர் மட்டும் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா இனத்தின்மீது கண்வைத்தார். உடனாய்வாளர் பலர் ஏற்காத நிலையிலும் விடாது தேடி, 1983இல் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் புற்றுத் திசுவிலிருந்தே பிரித்துக் காட்டினார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இந்நோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றணுக்கள் அவரைக் கேளாமலே எடுக்கப்பட்டு, இன்றளவும் உலகின் ஆய்வுக் கூடங்களில் வளர்ந்துவருகின்றன. அவற்றினுள்ளும் 18ஆம் வகை நச்சுயிரியின் மரபுச் செய்தி பொதிந்து கிடந்தது பின்னாளில் தெரியவந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அடுத்த ஆண்டு அங்கு பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அவர்கள் 2021இல் மறையும்வரை அதனை விட்டு நீங்கவில்லை. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1982இல் தொடங்கியபோது சென்னைப் பதிவேடு அங்கேயே பேணப்பட்டது. அன்று சென்னைப் பெண்களைப் பற்றிய புற்றுகளில் முதலிடம் வகித்தது கருப்பை வாய்ப் புற்றே. படிப்படியாக அது குறைந்து, இன்று மார்பகப் புற்று முந்திவிட்டது. திருமண வயது உயர்ந்ததும் பிள்ளைப்பேறு குறைந்ததும் தூய்மை வசதி பெருகியதும் இதற்குக் காரணங்கள் எனக் கருதுவர். குறைந்ததே தவிர ஒழியவில்லை.

நச்சுயிரிக்கும் புற்றுக்கும் இடையே பதினைந்து ஆண்டு இடைவெளி உண்டென்றால், அந்த இடைவெளியில் புகுந்து நோயை மறிக்கலாமே? ஐரோப்பாவும் அமெரிக்காவும் பாப் சோதனையால் இதனைச் செய்தன. கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களைத் தேய்த்தெடுத்து உருப்பெருக்கியில் காணும் அம்முறையைப் பாப்பனிகோலா என்னும் அறிஞர் 1940களில் நிலைநாட்டினார். அதற்கு ஆய்வகமும் தேர்ந்த வல்லுநரும் வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்ளப் பெண் மீண்டும் வரவேண்டும். ஊர்ப்புறப் பெண்ணை இருமுறை வரவழைப்பது எத்துணைக் கடினம் என்பதை நம் செவிலியரைக் கேட்டால் தெரியும்.

இங்குதான் திண்டுக்கல் மாவட்டம் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெறுகிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறித்துவ மருத்துவமனையைக் களமாகக் கொண்டு, பிரான்சு நாட்டு லியோன் நகரின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. கருவி என்ன தெரியுமா? நாம் ஊறுகாயில் ஊற்றும் காடியின் சாரமாகிய அசெட்டிக் அமிலம். அதனை நீரில் கலந்து, பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பர். மாறுபட்ட உயிரணுக்களில் புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அது உறைந்து வெண்திட்டாகத் தோன்றும். திட்டு இருந்தால் குளிர்முறையில் உறையச் செய்து அங்கேயே அகற்றலாம். அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை.

30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்குரிய ஊராட்சிகளிலும் 30,958 பெண்கள் ஒப்பீட்டுக்குரிய ஊராட்சிகளிலும் இருந்தனர். அழைக்கப்பட்டோரில் மூவரில் இருவர்க்குச் சற்றுக் குறைவானோரே சோதனைக்கு வந்தனர். அப்படியிருந்தும் அந்த ஊர்களில் புதிய நோய் நூற்றுக்கு 25 பங்கும் இறப்பு நூற்றுக்கு 35 பங்கும் குறைந்ததாக 2007இல் வெளியான முடிவு கூறிற்று. மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை உட்படுத்திய மற்றோர் ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. அங்கு அமிலச் சோதனை தெளிவான பயனைக் காட்டவில்லை. நச்சுயிரியின் மரபுச் செய்தியையே தேடிக் காணும் எச்.பி.வி. சோதனை, வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்தாலும், இறப்பைப் பாதியாகக் குறைத்தது. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்தது அமிலச் சோதனை. நச்சுயிரிச் சோதனை அப்படியன்று. உலக நல நிறுவனம் இன்று முதன்மையாகப் பரிந்துரைப்பது பின்னதையே.

இவ்வாய்வுகளில் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குச் சோதனை செய்யப்படவில்லை. அவர்களுள் இறந்தோரும் உளர். பயன் தரும் வேறு சோதனை உலகில் இருந்தபோது அவர்களை வெறுமனே விட்டது முறையா என்று அறிஞர் சிலர் கேட்டனர். அன்று அந்த ஊர்களில் எந்தச் சோதனையும் நடைமுறையில் இல்லை என்பது ஆய்வாளர் தந்த விடை. விடை உண்மையே, கேள்வியின் முள் அதனால் மழுங்கவில்லை.

தடுப்பூசியின் கதையிலும் இப்படியொரு முள் உண்டு. நச்சுயிரியின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே உண்டாக்கினால் அது தானே உருண்டு வெற்றுக் கூடாகத் திரள்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஜியான் சூ, இயன் பிரேசர் ஆகிய இருவரும் 1991இல் கண்டனர். உள்ளே மரபுச் செய்தி இல்லாத அக்கூடு நோயை உண்டாக்காது. உடல் மட்டும் பகைவனென்று எண்ணி எதிர்ப்புப் பொருளை ஆயத்தம் செய்துவைக்கும். 2006இல் தடுப்பூசி உலகச் சந்தைக்கு வந்தது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும் சிறுமியர்க்கு அதனைப் போடும் திட்டமொன்று நடந்தது. ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளிவர, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என்று விசாரணை கண்டது. ஆயினும் பெற்றோரைக் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையொப்பம் இட்டிருந்தமையை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. ஏழைப் பெற்றோரின் ஒப்புதலை ஒரு சடங்காக எண்ணியவர்களே, நல்லதொரு தடுப்பூசியின் பெயரைப் பத்தாண்டுக்கு மேல் கெடுத்தவர்கள் என்பேன்.

அந்தத் தடையிலிருந்தே எதிர்பாராத அறிவொன்று பிறந்தது. அதே வேளையில் இரண்டு ஊசியா மூன்று ஊசியா என்பதைக் காண அம்பிளிக்கை உள்ளிட்ட பல இடங்களில் வேறோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதுவும் இடைநிற்க, 17,729 சிறுமியருள் ஏறத்தாழ ஐயாயிரவர் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, 16, 18ஆம் வகைகள் உடலில் நிலைத்துவிடாமல் காப்பதில் அந்த ஒற்றை ஊசியே நூற்றுக்கு 95 பங்கு பயன் தந்தமை 2021இல் வெளியாயிற்று. ஒரே ஊசியும் போதும் என்று உலக நல நிறுவனம் 2022இல் அறிவித்ததற்கு இந்தியச் சிறுமியர் தந்த சான்று பெருந்துணை. அதே ஆண்டு பூனா சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசிக்கு ஒப்புதல் கிடைத்தது. 14 வயதுச் சிறுமியர் அனைவர்க்கும் படிப்படியாக இத்தடுப்பூசி போடுவதற்கெனத் தமிழக அரசு தன் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள், நச்சுயிரி அணுகுமுன்னரே போடுவதே சிறப்பு. ஏற்கெனவே தொற்றியதை ஊசி விரட்டாது. ஊசி போட்டவரும் முப்பது வயதில் சோதனைக்குச் செல்லவேண்டும். எல்லா வகை நச்சுயிரிகளையும் அது தடுப்பதில்லை.

நம் சமுதாயத்தாரிடம் தனியே கூறவேண்டிய ஒன்று உண்டு. யூத, இசுலாமியப் பெண்களிடையே இந்நோய் குறைவு என்பதைச் சென்ற நூற்றாண்டின் மருத்துவர் சிலர் கவனித்து, ஆண்களுக்குச் செய்யும் சுன்னத்தே காரணமாகலாம் என்றனர். ஐந்து நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வெளியான ஆய்வு, சுன்னத் செய்த ஆண்களிடம் இந்நச்சுயிரி குறைவாக இருப்பதைக் காட்டியது. இதனை மேடையில் சொல்லிப் பெருமிதம் கொள்வோரைக் கண்டிருக்கிறேன். குறைவு என்றால் இல்லை என்று பொருளன்று. எங்கள் தெரு அக்காவும் தொழுகை தவறாதவர். அவர் கணவரும் சுன்னத் செய்தவர்தாம்.

நாணத்தை ஈமானின் பகுதியாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. நோயை மருத்துவரிடம் மறைப்பதற்கு அந்த நாணம் ஒருபோதும் கட்டளையிடவில்லை. இச்சோதனையைச் செய்வோர் பெரும்பாலும் பெண் செவிலியரே. நச்சுயிரிச் சோதனைக்கெனில், மெல்லிய தூரிகை ஒன்றைக் கொண்டு பெண் தாமே தனியறையில் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். பிறர் பார்வை படவேண்டியதே இல்லை. இம்முறையையும் உலக நல நிறுவனம் ஏற்றிருக்கிறது. தடுப்பூசியைப் பற்றியும் வீண் ஐயம் வேண்டா. முசுலிம்கள் பெரும்பான்மையராக வாழும் மலேசியா 2010 முதல் பள்ளி மாணவியர்க்கு அதனைப் போட்டுவருகிறது. வங்கதேசம் 2023இலும் பாகிஸ்தான் 2025இலும் தொடங்கின. அண்டையிலுள்ள இலங்கை 2017லேயே தொடங்கிவிட்டது.

மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுதல், உறவுக்குப் பின் உதிரம் படுதல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தீராத இடுப்பு வலி ஆகியவை தோன்றினால் ஒரு வாரமும் தாமதிக்கலாகாது. ஆனால் தொடக்க நிலையில் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே நலமாயிருக்கும்போதே செல்வதுதான் முறை. முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மேற்கொண்டு பார்க்கவேண்டின் பாடிக்கு அருகே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை உண்டு. தொழிலாளர் காப்பீட்டு அட்டை உடையோர்க்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு.

அக்காவின் மகளுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. அவரும் தொழிற்பேட்டையில்தான் வேலை செய்கிறார். சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரமும் அவருடைய பணி நேரமும் ஒன்றே என்பதனால் ஓராண்டாகத் தள்ளிப்போட்டு வந்தவர், சென்ற மாதம் அரைநாள் கூலியை இழந்து சென்றுவந்தார். வெண்திட்டு ஏதும் இல்லை. ஐந்தாண்டு கழித்து மீண்டும் வரச்சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சோதனைக்கு ஆன நேரம் எவ்வளவு என்று கேட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார்.